பத்து நிமிஷம் சும்மா உட்கார முடியவில்லை. மும்பையில் யாராவது தினமும் தியானம் செய்கிறீர்களா?

முலுண்டுக்காரன் | ஞாயிறு, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருஷமாக இங்கே வாடகை வீடு, ஸ்கூல் அட்மிஷன், தீபாவளி டிக்கெட் என்று வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன் நான். முதல் முறையாக இழை தொடங்குகிறேன்.

வயது 41. அந்தேரி கிழக்கில் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் ஒன்றில் டாக்குமென்ட் வேலை. ஷிப்பிங் பில்லில் ஓர் எண் தவறினால் போதும், கன்டெய்னர் நாவா ஷேவா துறைமுகத்தில் நின்றுவிடும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். ஏறுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு போன் எனக்கு வரும்.

போன மாதம் ஆபீசில் மெடிக்கல் கேம்ப் வைத்தார்கள். பிபி 152/96. குடும்ப டாக்டர் ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து எழுதிக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் கூடத்தான் இருந்தது. ஒரு மாத்திரை எழுதினார், உப்பைக் குறை, நட என்றார், கடைசியில் எழுந்து வரும்போது, "தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனிங்க, டென்ஷன் குறையும்" என்றார். மாத்திரை சுலபமாக இருக்கிறது. ஊறுகாயைக்கூட விட்டுவிட்டேன். இந்தப் பத்து நிமிஷம்தான் ஆகமாட்டேன் என்கிறது.

முதல் நாள் உட்கார்ந்தேன். நாலாவது மூச்சில் ஹாம்பர்க் பார்ட்டிக்கு டிராஃப்ட் அனுப்பினேனா என்ற சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து போய் மெயிலைப் பார்த்தேன். அனுப்பியிருந்தேன். இரண்டாம் நாள் தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் கொஞ்சம் நன்றாகப் போகிறது என்று நினைத்த நேரம், மகள் தண்ணீர் பாட்டில் மூடியைக் காணோம் என்று ஓடி வந்து தோளை உலுக்கினாள். "அப்பா தியானம் பண்றேன்னு தெரியலையா!" என்று கத்தினேன். நான் கத்தியது பக்கத்து ஃபிளாட் வரை கேட்டிருக்கும். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

அன்றோடு நிறுத்திவிட்டேன். சிலருக்கு இது ஒத்துவராது என்று உண்டா? காலையா, இரவா? ஆப் ஏதாவது போட வேண்டுமா? நிஜமாகச் செய்கிறவர்கள் சொல்லுங்கள். யூடியூப் லிங்க் வேண்டாம், ஏற்கெனவே மாமனார் முப்பது அனுப்பியிருக்கிறார்.

---

கணக்கப்பிள்ளை | திங்கள், காலை 5.50

தம்பி, மூன்று நாளில் மூன்று விதமாக முட்டி மோதியிருக்கிறீர்கள். நல்ல ஆரம்பம்தான். கிண்டல் இல்லை.

நான் செம்பூர். அரசாங்கக் கணக்கு ஆபீசில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆடிட்காரன் பாஷையில் சொல்கிறேன். லெட்ஜரைத் திறந்ததும் பிழை கண்ணில் படுகிறது. அது ஆடிட்டின் தோல்வியா? அதைக் கண்டுபிடிக்கத்தானே சம்பளம்? மனம் ஹாம்பர்க் போனதும் அப்படித்தான். போகும். "அடடா, ஹாம்பர்க்கில் இருக்கிறேனே" என்று ஒரு நொடியில் தெரிகிறது பாருங்கள், பயிற்சி அந்த நொடிதான். திரும்பி மூச்சுக்கு வந்தால் ஓர் எண்ணிக்கை. பத்து நிமிஷத்தில் நாற்பது முறை ஓடி நாற்பது முறை வந்தால், நாற்பது முறை பயிற்சி செய்தீர்கள். நீங்கள் தவறு செய்தது ஒன்றே ஒன்று, எழுந்து போய் மெயிலைப் பார்த்தது.

செய்கிற முறை பெரிய வித்தை இல்லை. நாற்காலியில் உட்காருங்கள், பத்மாசனம் எல்லாம் வேண்டாம், நம் முட்டி தாங்காது. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைக்க வேண்டாம். மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேல் உதட்டுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் காற்று உரசுவது தெரியும். உள்ளே போகும்போது கொஞ்சம் குளிர்ச்சி, வெளியே வரும்போது கொஞ்சம் சூடு. அதை மட்டும் பாருங்கள். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், அது பிராணாயாமம், வேறு கதை. இங்கே நீங்கள் வாட்ச்மேன். வருகிறவனை எழுதிக்கொள்வது, போகிறவனை எழுதிக்கொள்வது, அவ்வளவுதான். முதல் வாரம் ஐந்து நிமிஷம் போதும்.

நான் கற்றது இகத்புரி விபாசனா தியான மையத்தில், 1998இல். நம் கல்யாண், கசாரா தாண்டிப் போகிற இடம்தான். பத்து நாள் பேசக்கூடாது. உங்களுக்கு இப்போது அதைச் சொல்லமாட்டேன். நீச்சல் தெரியாதவனை ஜூஹுவில் தள்ளுகிற மாதிரி ஆகும்.

ஆனால் ஒரு கதை மட்டும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது என்பதால். அந்த மையத்தை நிறுவிய கோயங்கா பர்மாவில் மாண்டலேயில் பிறந்த வியாபாரி. கடும் ஒற்றைத் தலைவலி, மார்ஃபின் ஊசி போடுகிற அளவுக்கு. ஊர் ஊராக மருத்துவம் பார்த்தும் தீரவில்லை. 1955இல் ஊ பா கின் என்கிறவரிடம் போனார். அந்த ஊ பா கின் யார் தெரியுமா? துறவி இல்லை. பர்மா அரசாங்கத்தின் அக்கவுண்டன்ட் ஜெனரல்! ஆபீசிலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுத்தவர். தலைவலிக்காக மட்டும் வருவதானால் வராதே என்கிற தோரணையில்தான் முதலில் பேசினாராம். கோயங்கா 1969இல் இந்தியா வந்து, ஜூலை மாதம் முதல் வகுப்பு எடுத்தது நம் பம்பாயில்தான். நான் ஆபீசில் பில் பாஸ் பண்ணும்போது ஊ பா கின்னை நினைத்துக்கொள்வேன். கணக்குக்காரன் என்றால் கல்லு என்று நினைக்கிறவர்களுக்கு இருக்கட்டும்.

---

சந்தேகச்சாமி | திங்கள், காலை 9.14

கோரேகாவிலிருந்து எழுதுகிறேன். யாராவது ஒருவர் எதிர்க்கட்சியாக இருக்க வேண்டும், நான் இருந்துகொள்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு டீமில் நாலு பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஆள் எடுக்கவில்லை. மீதி ஆறு பேர் பத்துப் பேர் வேலை பார்க்கிறோம். மூன்றாவது வாரம் எச்.ஆரிடமிருந்து மெயில் வந்தது: மதியம் இரண்டு மணிக்கு "மைண்ட்ஃபுல்னஸ் அமர்வு", வருகைப் பதிவு உண்டு. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். என் மூச்சு எங்கே இருந்தது என்றால் மூன்று மணி டெட்லைனில் இருந்தது. முலுண்டுக்காரரே, உங்கள் பிரச்சினை உங்கள் மூக்குக்குக் கீழே இல்லை. ஒரு டெஸ்க்கில் இரண்டு ஆள் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஆளுக்குக் கொடுத்ததில் இருக்கிறது.

ஆராய்ச்சி பார்க்காமல் பேசுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்கிற மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 47 சோதனைகள், 3,515 பேர். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு நம்பத்தகுந்த, சின்ன முன்னேற்றம் தெரிந்தது. நாம் பேசுகிற 'ஸ்ட்ரெஸ்' விஷயத்தில் ஆதாரம் இன்னும் பலவீனம். உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேல் என்பதற்கு ஆதாரமே இல்லை. ஆக, பத்து நிமிஷம் மாடிப்படி ஏறி இறங்கினாலும் தப்பில்லை.

---

நைட்_டூட்டி | திங்கள், மாலை 4.05

இப்போதுதான் எழுந்தேன். நான் நர்ஸ், பதினேழு வருஷம், சயான் பக்கம் வீடு.

சாமி அண்ணா, நீங்கள் சொன்ன ஆய்வு சரிதான். அதற்கப்புறம் 2022இல் இன்னொன்று வந்தது. பதற்ற நோய் இருக்கிற 276 பேர். பாதிப் பேருக்குப் பதற்றத்துக்குக் கொடுக்கிற எசிடலோபிராம் மாத்திரை, பாதிப் பேருக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு. முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். ஆனால் அந்த வகுப்பு வாரம் இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் 45 நிமிஷம். பத்து நிமிஷத்துக்கு அதே பலன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் கொடுத்தால் கொஞ்சம் கிடைக்கும்.

முலுண்டு அண்ணா, உங்களுக்கு மூன்று விஷயம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. தியானம் செட் ஆகிவிட்டது, பிபி இறங்கிவிட்டது என்று மாத்திரையை விட்டு, அப்புறம் பக்கவாதத்தில் வாய் கோணி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் கோபமாகவே சொல்கிறேன்.

அடுத்தது, கேம்ப்பில் உங்களுக்கு எப்படி அளந்தார்கள்? வரிசையில் நின்று, முன்னால் இருக்கிறவரிடம் பேசிக்கொண்டே போய், உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றியிருப்பார்கள். பிபி அளக்கும் முன் ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார வேண்டும். கால் இரண்டும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது, பேசக்கூடாது, போன் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். வீட்டில் மெஷின் இருக்கிறது அல்லவா? அந்த ஐந்து நிமிஷத்திலேயே மூச்சைக் கவனியுங்கள். தனியாக நேரம் தேட வேண்டாம், ஆப் வேண்டாம், "தியானம் பண்றேன்" என்று வீட்டில் அறிவிக்கவும் வேண்டாம். பிபி பார்க்கிறேன் என்றால் யாரும் தோளை உலுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, ரொம்பப் படபடப்பாக இருக்கிற நேரத்தில் மூச்சை வெளியே விடுவதை மட்டும் கொஞ்சம் நீளமாக்குங்கள். மூச்சு உள்ளே போகும்போது இதயம் லேசாக வேகம் எடுக்கும், வெளியே வரும்போது மெதுவாகும். உடம்பிலேயே இருக்கிற பிரேக் அது. மானிட்டரில் நான் தினமும் பார்க்கிறேன்.

நான் உட்கார்ந்து செய்கிற ஆள் இல்லை. கை கழுவும்போது செய்கிறேன். ஒரு பேஷன்டிடமிருந்து இன்னொரு பேஷன்டுக்குப் போகும் முன் கை கழுவியாக வேண்டும், சோப்பு என்றால் 40 முதல் 60 நொடி. எங்களுக்கு அதை முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டை விரல், நகக்கண். முன்பெல்லாம் கை அங்கே இருக்கும், மனம் எட்டாம் நம்பர் பெட்டில் இருக்கும். இப்போது கட்டை விரலைக் கழுவும்போது கட்டை விரலில் இருக்கிறேன். தண்ணீர் மணிக்கட்டில் இறங்குவது தெரிகிறது. ஒரு ராத்திரிக்கு முப்பது நாற்பது தடவை. யார் எனக்கு முப்பது நிமிஷம் லீவு கொடுத்தார்கள்?

---

வடாபாவ்_வாத்தியார் | திங்கள், மாலை 6.30

நர்ஸ் அக்கா சொன்ன அந்த எட்டு வார வகுப்பு ஜான் கபாட்-சின் என்கிறவர் தொடங்கியது. 1979, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலை மருத்துவப் பள்ளி. டாக்டர்கள் கைவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களை வைத்துத்தான் ஆரம்பித்தார். அதில் முதல் பாடம் ஒரே ஓர் உலர்திராட்சையைப் பல நிமிஷம் பார்த்து, முகர்ந்து, உருட்டி, மெல்லுவது.

நான் அதைத் தாதர் பிளாட்ஃபார்மில் வடா பாவ் வைத்துச் செய்து பார்த்தேன். போன் பையில். இருபது வருஷமாகச் சாப்பிடுகிறேன், பாவின் அடிப்பக்கம் இனிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் கல்யாண் ஃபாஸ்ட் போய்விட்டது.

---

மாட்டுங்கா_மாமி | திங்கள், இரவு 8.45

நன்னா இருக்கு. நம்மாத்துல பாட்டி வாசல்ல உட்கார்ந்து ஜபமாலை உருட்டினா மூட நம்பிக்கை. அதையே அமெரிக்காக்காரன் எட்டு வாரத்துக்குக் கோர்ஸ் போட்டுக் காசு வாங்கினா சயன்ஸ். திருமூலர் மூச்சுக் கணக்கு எழுதி வெச்ச நாட்டுல டாக்டர் சொல்லித்தான் மூச்சு விடணுமா? அரோரா தியேட்டர் பக்கம் எங்க பில்டிங்ல விடியற்காலை அஞ்சு மணிக்குக் காத்து எவ்வளவு சுத்தமா இருக்கும்! எழுந்து உட்காரச் சொல்லுங்கோ, எல்லாம் தானா வரும்.

---

கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 9.10

மாமி, ஜபத்தை யார் குறை சொன்னார்கள்? மந்திரமோ மாலையோ மனத்துக்குப் பிடிமானம்தான். ஆனால் திருமூலர் சொல்வது மூச்சை ஆளுகிற யோகம், இங்கே சொல்வது மூச்சை அப்படியே விட்டுப் பார்ப்பது. இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நியாயம் செய்தது ஆகாது.

இன்னொன்று, இந்த 'மைண்ட்ஃபுல்னஸ்' என்பதற்குத் தமிழில் சொல் என்ன என்று போன வருஷம் இங்கே ஒரு சண்டை நடந்தது. விழிப்புணர்வு என்றால் எய்ட்ஸ் விழிப்புணர்வு, டெங்கு விழிப்புணர்வு என்று ஊர்வலம் ஞாபகம் வருகிறது. முழுக்கவனம் என்றால் பரீட்சை ஹால். பாலி மொழியில் அதற்கு 'சதி' என்று பெயர், சமஸ்கிருத 'ஸ்மிருதி'யின் தம்பி, நினைவு என்று பொருள். தமிழில் சதி என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நம் வீட்டுச் சொல்லே போதும்: "நெனப்போட இரு." ரோடு கடக்கிற பிள்ளையிடம் அம்மா சொல்வது அதுதான்.

---

தொண்ணூறடி_ரோடு | செவ்வாய், காலை 6.40

எல்லோரும் பெரிய ஆட்கள் பேசுகிறீர்கள், நடுவில் வருகிறேன். வயது 26. தாராவி. பத்துக்குப் பன்னிரண்டு ரூம், அதில் ஐந்து பேர். கீழே தையல் மெஷின் காலை எட்டிலிருந்து இரவு பதினொன்று வரை ஓடும். மாமி சொன்ன சுத்தக் காற்று எங்கள் சந்துக்குள் வருவதற்கு வழி தெரியாது.

'அமைதியான அறையில் அமருங்கள்' என்று எல்லா வீடியோவும் ஆரம்பிக்கும். அங்கேயே நான் அவுட். ஒரு நாள் கணக்கப்பிள்ளை ஐயா வேறோர் இழையில் எழுதியிருந்தார், சத்தம் இருந்தால் சத்தத்தையே கவனி என்று. அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்களுக்கு விடியற்காலையில் தண்ணீர் வரும். ரூமில் நான்தான் அதற்கு டூட்டி. முன்பெல்லாம் பைப்பை டிரம்மில் போட்டுவிட்டு ரீல்ஸ் பார்ப்பேன், டிரம் வழிந்து பக்கத்து அக்கா திட்டும். இப்போது டிரம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சத்தத்தைக் கேட்கிறேன். காலி டிரம்மில் விழும்போது 'தொம்' என்று அடிவயிற்றுக் குரலில் இருக்கும். பாதி வந்ததும் குரல் மாறும். மேலே வர வர ஒல்லியாகி, கடைசி நாலு விரல் இடைவெளியில் விசில் மாதிரி ஏறும். ஏறுகிற வேகமும் கூடும். பத்தாவதில் சயன்ஸ் சார் சொன்னது, உள்ளே இருக்கிற காற்றுத் தூண் குட்டையாக ஆக ஆக சுருதி ஏறும் என்று. அப்போது மார்க்குக்காகப் படித்தேன். இருநூறு லிட்டர் டிரம், எங்கள் பிரஷருக்கு ஏறக்குறைய இருபது நிமிஷம். நடுவில் மனம் ஓடும், லோன், தங்கச்சி கல்யாணம். திரும்பி வந்து பார்த்தால் சுருதி இரண்டு கட்டை ஏறியிருக்கும். எவ்வளவு நேரம் நான் அங்கே இல்லை என்று அதுவே சொல்லிவிடும்.

இப்போது டிரம் வழிவதில்லை. அது ஒன்று உறுதி. டென்ஷன் குறைந்ததா என்று கேட்டால், குடும்ப டென்ஷன் அப்படியே இருக்கிறது. காலையிலேயே அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவது நின்றுவிட்டது.

---

சந்தேகச்சாமி | செவ்வாய், காலை 9.02

தம்பி, இதுவரை வந்த பதிவுகளில் உன்னுடையதை மட்டும் நம்புகிறேன்.

---

பெயர்_வேண்டாம் | செவ்வாய், இரவு 10.55

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். போன வருஷம் அம்மா தவறினார்கள். மூன்று மாதம் கழித்து, தோழி சொன்னதால் மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன். கண்ணை மூடி மூச்சைப் பார்த்தால் எனக்கு அமைதி வரவில்லை. அம்மாவின் கடைசி ராத்திரி மூச்சுத்தான் கேட்டது. நெஞ்சு அடைத்தது, கை மரத்தது, செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அதைச் சொன்னபோது, "விடாமல் பண்ணு, அழுக்கு வெளியே வருகிறது" என்றார்கள். இன்னும் இரண்டு முறை செய்தேன், இன்னும் மோசம். இது எல்லோருக்கும் நல்லது என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

---

நைட்_டூட்டி | புதன், அதிகாலை 3.20

வார்டு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது, அதனால் இப்போதே எழுதுகிறேன். தங்கச்சி, நிறுத்தியது சரி. 'அழுக்கு வெளியே வருகிறது' என்று சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் தப்பு. இழப்பு புதிதாக இருக்கும்போதும், பெரிய அதிர்ச்சி நடந்தவர்களுக்கும், முன்பு மனநோய் இருந்தவர்களுக்கும் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சில நேரம் காயத்தைக் கிளறும். நீண்ட மௌன முகாம்களில் இது கூடுதல். ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இதை முதலிலேயே கேட்பார்கள்.

உங்களுக்கு மூச்சே வேண்டாம். கண் திறந்தே இருக்கட்டும். பாதம் தரையில் படுகிறதே, அந்த இடத்தின் சில்லிப்பு, மொசைக்கின் வழவழப்பு, அது போதும். இல்லையென்றால் நடந்துகொண்டே பாதத்தைக் கவனியுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் அதையும் விடுங்கள். ராத்திரி தூக்கம் இன்னும் வராமல் இருந்தால், அழுகை நிற்காமல் இருந்தால், மனநல டாக்டரைப் பாருங்கள். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் இருக்கிறது, 14416, இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இங்கே எனக்குத் தனிச்செய்தி அனுப்பினாலும் சரி. நான் ராத்திரி முழித்திருக்கிற ஆள்தான்.

---

மாட்டுங்கா_மாமி | புதன், காலை 7.15

குழந்தே, நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே. 'தானா வரும்'னு எழுதியிருக்கப்படாது. மாட்டுங்கா பக்கம் வந்தா ஆத்துக்கு வா, சும்மா பேசிண்டிருக்கலாம்.

---

முலுண்டுக்காரன் | மூன்று வாரம் கழித்து, சனி, மதியம் 2.30

இழையை அம்போவென்று விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிக்கவும். மார்ச் மாதம் எங்கள் தொழிலில் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நர்ஸ் அக்கா சொன்ன வழியைத்தான் பிடித்தேன். காலையில் பல் விளக்கிய பிறகு டைனிங் நாற்காலி, பக்கத்தில் பிபி மெஷின், ஐந்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் மறந்துவிடுகிறேன், ஏனென்று தெரியவில்லை. 23 நாளில் 16 நாள் ஆயிற்று. ஒரு நாள்கூட மனம் சும்மா இருக்கவில்லை. ஆனால் ஓடுகிற இடங்கள் பழகிப்போய்விட்டன. முதலில் ஹாம்பர்க், அப்புறம் சொசைட்டி மெயின்டனன்ஸ், அப்புறம் 2017இல் ஒருவர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை. தினமும் அதே மூன்று ஸ்டேஷன். வாட்ச்மேன் மாதிரி, "வாங்க சார், இன்னிக்கும் வந்தீங்களா" என்று எழுதிக்கொள்கிறேன்.

இன்னொன்று நானாகக் கண்டுபிடித்தது. காலையில் முலுண்டில் ஸ்லோ லோக்கல் ஏறினால் காட்கோபர் வரை நாஹூர், பாண்டுப், காஞ்சூர்மார்க், விக்ரோலி. இதில் தியானம் கியானம் ஒன்றும் நடக்காது, கிடைத்தால் நாலாவது சீட், அதாவது மூன்று பேர் சீட்டில் அரை உடம்பை ஒட்டிக்கொண்டு, ஒரு கால் நடைபாதையில். கவனம் முழுக்க விழாமல் இருப்பதிலேயே போய்விடும். காட்கோபரில் மெட்ரோ மாறினதும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஜாக்ருதி நகரிலிருந்து மரோல் நாகா வரை போனை எடுப்பதில்லை. பாதம் இரண்டையும் கவனிக்கிறேன். வண்டி வளையும்போது எடை இடது காலிலிருந்து வலது காலுக்குப் போவது தெரிகிறது. கண்ணைத் திறந்துதான் இருக்கிறேன், மும்பையில் பர்ஸ் என்று ஒன்று இருக்கிறதே. மரோல் நாகா தாண்டியதும் எடுத்துப் பார்த்தால் ஏழு மிஸ்டு கால். அந்தக் கொஞ்ச நேரத்தில் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை.

பிபி நேற்று 138/88. டாக்டர் சரி என்றார், மாத்திரை தொடர்கிறது.

இனி நிஜமாகச் சொல்ல வந்தது. போன புதன் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் போனில் என்னை ஒரு மாதிரி பேசினார். தப்பு அவர் பக்கம். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காது சூடாவது தெரிந்தது. நாற்பத்தொரு வருஷமாக எனக்குக் கோபம் வந்திருக்கிறது, காது சூடாகும் என்று இப்போதுதான் தெரியும். ஒரு மூச்சு விட்டேன். அப்புறமும் திட்டினேன். ஆனால் கணக்காகத் திட்டினேன், பில் நம்பரைச் சொல்லி, தேதியைச் சொல்லி. அவர்தான் கடைசியில் சாரி சொன்னார்.

---

சந்தேகச்சாமி | சனி, மாலை 5.00

வாழ்த்துகள். ஆனால் மாத்திரை, ஊறுகாய் கட், நடை, அளக்கும் முறையைத் திருத்தியது, மூச்சு, ஐந்தும் ஒரே மாதத்தில். எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காது சூடானதை மட்டும் நான் மறுக்கமாட்டேன். அது மாத்திரையில் வராது.

ஆபீசில் ஆள் கேட்டீர்களா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

---

முலுண்டுக்காரன் | சனி, மாலை 5.40

கேட்டேன் சாமி. மெயிலாகவே எழுதினேன், மூன்று மாதக் கணக்கோடு: எத்தனை ஷிப்மென்ட், எத்தனை மணி நேரம், தப்பு எங்கே வந்தது, கன்டெய்னர் நின்றதற்கு டிமரேஜ் எவ்வளவு கட்டினோம். போன வருஷம் இதையே கேபினுக்குள் போய்க் கத்திக் கேட்டிருந்தேன், நடக்கவில்லை. இந்த முறை ஏப்ரலில் ஒரு பையனைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தால்தான் நம்புவேன்.

---

கணக்கப்பிள்ளை | சனி, இரவு 8.20

கணக்கோடு கேட்டீர்கள் பாருங்கள், அங்கே எனக்குச் சந்தோஷம். பதினாறு நாள் என்று எழுதியும் வைத்திருக்கிறீர்கள். விட்டுப்போன ஏழு நாளைப் பற்றி வருத்தப்பட்டு எட்டாவது நாளையும் விடாதீர்கள்.

மகள் என்ன சொல்கிறாள்?

---

முலுண்டுக்காரன் | சனி, இரவு 9.05

ஐயா, இன்று காலை பக்கத்து நாற்காலியில் அவளும் வந்து கண்ணை மூடி உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம் இருந்திருப்பாள். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, "அப்பா, நீ மூச்சு விடும்போது மூக்கு விசிலடிக்குது" என்றாள். இனி மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் அந்த விசில்தான் கேட்கப்போகிறது.

---

தொண்ணூறடி_ரோடு | சனி, இரவு 9.12

சுருதி ஏறினால் சொல்லுங்கண்ணே, டிரம் நிரம்பப் போகுதுன்னு அர்த்தம்.